ஏழு லட்சம் பெட்டியும் பத்துக்குப் பன்னிரண்டு அறையும்

1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனி நிறுவனத்தின் சிடிபி-101 கடைக்கு வந்தது. விற்பனைக்கு வந்த முதல் சிடி பிளேயர் அது. விலை 1,68,000 யென். சோனியோடு சேர்ந்து சிடியை உருவாக்கிய பிலிப்ஸ், குறையே இல்லாத ஒலி, அதுவும் என்றென்றைக்கும் என்று விளம்பரம் செய்தது. குறையே இல்லை என்று தயாரித்தவர்களே சொன்ன பிறகு, அதைவிட உசத்தியாக விற்க என்ன மிச்சம் இருக்கும்? நிறையவே இருந்தது. 15 ஆண்டு கழித்து, 1997-இல், ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் சிடி12 என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த உடம்பு. விலை 12,000 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஏழு லட்சம் ரூபாய். அந்த ரகப் பெட்டிகள் இன்றும் தயாராகின்றன, இன்றும் விற்கின்றன. தமிழ்நாட்டிலும் அவற்றை வாங்குகிறவர்கள், வாங்கக் கணக்குப் போடுகிறவர்கள், இரண்டாம் கையில் தேடுகிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. ஆடியோ பித்தர்கள் என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வதால் நாமும் அப்படியே சொல்லலாம்.

அவர்கள் ரசனையைக் கேலி செய்வதற்கில்லை. ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று நினைப்பது நல்ல ஆசை. அந்த ஆசைக்கான பணம் போகும் இடம்தான் பிசகு. சிடி பிளேயர் என்பது ஒலிப்பாதையில் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுமை அடைந்துவிட்ட கண்ணி. ஒலியின் தலைவிதி அதற்கு முன்னால், வட்டைத் தயாரித்தவர் மேசையில் எழுதப்படுகிறது. அதற்குப் பின்னால், நாம் உட்கார்ந்து கேட்கும் அறையில் மறுபடி எழுதப்படுகிறது. நடுவில் இருக்கும் பெட்டிக்கு லட்சங்களைக் கொட்டுவது, வாய்க்கால் இரு முனையிலும் உடைந்து கிடக்க, நடுவில் மட்டும் சலவைக்கல் பதிப்பது போன்றது. இதைச் சோதிக்க லண்டனிலோ டோக்கியோவிலோ கம்பளம் விரித்த விமர்சகர் அறை உதவாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலத்துக்குச் சாலை பிரிகிற கூட்டேரிப்பட்டில் ஒரு தளம் போட்ட வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பாட்டுக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட வீட்டில் இருந்துதான் கேட்கிறார்கள்.

முதலில் வட்டு. 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் கனம் கொண்ட பாலிகார்பனேட் தகடு. எல்பி ரெக்கார்டுக்கு நேர்மாறாக, பாட்டு நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்தச் சுருள் தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். 74 நிமிட வட்டின் தடத்தைச் சுருள் பிரித்து, கூட்டேரிப்பட்டு நாற்சந்தியில் ஒரு முனையை வைத்து மயிலம் சாலையில் இழுத்துக்கொண்டே போனால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். உள்பக்கம் படிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று, வெளிவிளிம்புக்குப் போனதும் 200 சுற்று என்று வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, கீழேயிருந்து ஒரு லேசர் ஒளி அந்தத் தடத்தைத் தடவிப் படிக்கிறது. தகட்டுக்குள் நுழையும் இடத்தில் அந்த ஒளி ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் அகலம். குழிகள் இருக்கும் ஆழத்துக்குப் போகும்போது இரண்டு மைக்ரானுக்கும் குறைவாகக் கூம்பிவிடுகிறது. மேற்பரப்பில் விழுந்த தூசி லேசர் கண்ணுக்கு மங்கலான நிழலாகவே தெரிவதற்கு இதுதான் காரணம். அதையும் மீறித் தவறாகப் படித்தால் திருத்துவதற்கு ரீட்-சாலமன் என்ற கணித முறை இருக்கிறது. தடத்தில் தொடர்ந்து 4,000 பிட் வரை, அதாவது சுமார் இரண்டரை மில்லிமீட்டர், அடியோடு காணாமல் போனாலும் அக்கம்பக்கத்தில் சிதறி வைத்திருக்கும் எண்களிலிருந்து மீட்டுவிடும். ஊகிப்பது வேறு, மீட்பது வேறு. இங்கே நடப்பது மீட்பு. தொலைந்த எண் எதுவோ அதே எண் திரும்பி வருகிறது.

அப்படியானால் 3,000 ரூபாய் பிளேயரும் ஏழு லட்சம் பிளேயரும் சுத்தமான ஒரு வட்டிலிருந்து படிக்கும் எண்கள் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்றாகத்தான் இருக்கின்றன, இதற்கு ஊர் உலகமே சாட்சி. சிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் பயன்படுத்தும் அக்யூரேட்ரிப் என்ற ஏற்பாடு, ஒவ்வொருவர் ஏற்றிய பாட்டுக்கும் ஒரு கூட்டு எண் கணக்கிட்டு மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிடுகிறது. கோடியில் ஒரு பிட் மாறினாலும் கூட்டு எண் மாறிவிடும். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கம்பெனியின் மலிவான டிரைவில், ஒரே அச்சு வட்டைப் போட்டவர்களுக்குச் சொல்லிவைத்தாற்போல் ஒரே எண் வருகிறது. கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும், பிளேயருக்கு அந்த அவகாசம் இல்லையே என்பது ஒரு மறுப்பு. நியாயமான கேள்விதான். ஆனால் சுத்தமான வட்டில் திருத்த முடியாத பிழை அபூர்வம். வந்து காதில் விழுந்தாலும் அது டிக்கென்ற ஒலியாகவோ, பாட்டு எகிறிக் குதிப்பதாகவோதான் வெளிப்படும். ‘திரை விலகினாற்போல் இருந்தது’, ‘குரலில் ஈரம் கூடியது’ என்று விமர்சனங்களில் எழுதுகிற மாதிரியான நளின வேறுபாட்டை ஒரு படிப்புப் பிழை உண்டாக்க வழியே இல்லை. கணக்கில் ஒரு எண் தப்பினால் கூட்டுத்தொகை தப்பாகும், கையெழுத்து அழகாகிவிடாது.

எண் சரி, அதை ஒலியாக மாற்றும் இடத்தில்தான் வித்தை என்பார்கள். விநாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட், இடம் வலம் இரண்டு தடம். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். இதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணும், மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் இடையே 96 டெசிபல் இடைவெளியும் அடங்கும். 1982-இல் இதை நிறைவேற்றுவது மெய்யாகவே கடினம். பிலிப்ஸின் முதல் பிளேயர் 14 பிட் மாற்றியைத்தான் பயன்படுத்தியது. அந்தக் காலத்துக் கருவிகளுக்குள் கேட்டு அறியக்கூடிய வேறுபாடு இருந்திருக்கலாம். இன்று நிலைமை தலைகீழ். ஹெட்போன் துளை இல்லாத போனுக்கென்று ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற விரல் நீள ஒயருக்குள் ஒரு மாற்றி சிப் இருக்கிறது. அதன் இரைச்சலும் சிதைவும் 16 பிட் சிடியின் எல்லையை ஒட்டியே இருப்பதாக அளந்து பார்த்தவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அளவு கருவி கிடக்கட்டும், காது என்ன சொல்கிறது? அதற்கும் விடை உண்டு. மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், சிடியைவிட உயர்ந்த தரத்தில் பதிவான இசையை எடுத்து, ஒருமுறை அப்படியேயும், மறுமுறை சிடி தரத்துக்கு இறக்கி மாற்றியும், எது எது என்று சொல்லாமல் கேட்கவிட்டார்கள். ஆடியோ பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் 2007-இல் வந்த முடிவு: 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. 49.8 சதவீதம். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

இந்த ஆய்வுக்கு எதிராக இன்னோர் ஆய்வை எடுத்துவைப்பார்கள், வைக்கட்டும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016-இல் இத்தகைய 18 ஆய்வுகளை, 12,000-க்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சரியாகச் சொன்னது 52.3 சதவீதம் என்று வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு எண் கணிசமாகக் கூடியது. ஆகவே வேறுபாடே கிடையாது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவிலும், காது தீட்டியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும், அமைதியான சோதனைக்கூடத்தில் ஏதோ தட்டுப்படுகிறது. ஆனால் அந்த ஆய்வுகள் ஒப்பிட்டது சிடியையும் அதைவிட உயர்ந்த வடிவங்களையும். ஒரே சிடியை இரண்டு நல்ல பிளேயரில் போட்டால் வரும் வேறுபாடு அதைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். ஜிட்டர் என்று ஒரு சொல்லையும் இங்கே இழுப்பார்கள். எண்களை ஒலியாக்கும் கடிகாரத் துடிப்பு மயிரிழை முன்பின் ஆவது அது. 1998-இல் டால்பி ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர் சோதித்தபோது, இசையில் அது தட்டுப்பட குறைந்தது 20 நானோ செகண்ட் அளவாவது தேவைப்பட்டது. ஒழுங்காகச் செய்த சாதாரணப் பிளேயரில் இருப்பது ஒரு நானோ செகண்டுக்கும் கீழே.

‘ஆய்வு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்குக் கேட்கிறதே’ என்பதுதான் கடைசியில் எல்லோரும் போய் நிற்கிற இடம். கேட்கிறது என்பதை நம்புகிறேன். எதனால் கேட்கிறது என்பதில்தான் பேச்சு. சிடி பிளேயரின் வெளியீடு 2 வோல்ட் இருக்க வேண்டும் என்பது வழக்கம். உசத்தியான பெட்டிகள் சிலவற்றில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். 2 வோல்ட் 2.2 ஆனால் ஒலி ஒரு டெசிபல் அளவுக்குக் கூடும். ஒலி கூடியது என்று அப்போது காது சொல்லாது. தெளிவு கூடியது, உயிர் வந்தது என்றுதான் சொல்லும். ஷோரூமில் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது இந்த ஒரு டெசிபலை யாரும் சமன் செய்வதில்லை. மல்ட்டிமீட்டரை வைத்து இரண்டின் அளவையும் ஒன்றாக்கி, எந்தப் பெட்டி ஓடுகிறது என்று தெரியாதபடி மறைத்துவிட்டால், ஆளாளுக்குச் சொன்ன அபிப்பிராயம் பாதிக்குமேல் கரைந்துபோகும். விலைச்சீட்டைப் பார்த்தபின் சுவை மாறுவது சாப்பாட்டிலும் உண்டு, பட்டிலும் உண்டு. காது மட்டும் விதிவிலக்கா?

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. வெளியீட்டில் வால்வு வைத்த பிளேயர்கள் இருக்கின்றன. வடிகட்டி இல்லாமல் பழைய சிப்பை வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னதில் 20,000 ஹெர்ட்ஸ் அருகே மூன்று டெசிபல் வரை இறங்கிவிடும். முன்னதில் கொஞ்சம் சிதைவு கலந்து ஒலி கனிந்தாற்போல் இருக்கும். இவற்றைக் கேட்டு அடையாளம் காண முடியும். ஆனால் இது வட்டில் இருப்பதை விட்டு விலகுவது. சமையலில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விடுவது. பிடித்தவர்கள் விட்டுக்கொள்ளலாம். அதே நெய் ஆம்பிளிஃபயரின் டோன் குமிழைத் திருகினாலும் வரும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

இனிக் கூட்டேரிப்பட்டு வீட்டுக்குள் போவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். சிமெண்டுப் பூச்சுச் சுவர், கான்கிரீட் தளம், மொசைக்கோ டைல்ஸோ போட்ட தரை. இந்தப் பரப்புகள் எதுவும் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் விழுங்குவதில்லை. எதிரொலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், காலி அறையில் ஒரு கைதட்டல் அடங்க மூன்று, நான்கு விநாடி ஆகும். கட்டில், மெத்தை, பீரோ, திரைச்சீலை, ஓர் ஆள் என்று சேர்த்தாலும் ஒரு விநாடிக்குக் கீழே இறங்குவது கஷ்டம். பாட்டுக் கேட்கும் அறைக்கு அரை விநாடிக்கும் குறைவே நல்லது. பாடகர் ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லுக்கு மூச்சு வாங்கும் இடைவெளியில், முன் சொல்லின் எச்சம் இன்னும் சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது. பிளேயர்களுக்கிடையே ஆயிரத்தில் ஒரு பங்குச் சிதைவு வித்தியாசத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள், நேர் ஒலியைவிட அதிகமாக எதிரொலி காதில் விழும் அறையில் உட்கார்ந்து அடித்துக்கொள்கிறார்கள்.

தாழ்ந்த சுரங்களில் கதை இன்னும் மோசம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி அலை சிக்கிக்கொண்டு ஆடும். எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதை அறையின் நீளமே தீர்மானிக்கிறது. 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 முதல் 58 வரை, அன்றைய வெயிலைப் பொறுத்து. நம் அறையில் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி. இரண்டும் ஒரே இடத்தில் ஆடுவதால் அந்தச் சுரம் இரட்டிப்பாகப் பிடித்துக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் மூன்றாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ்; அடுத்த அரைச் சுரம் 58. எண்பதுகளின் இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் பின்னால் நின்று தாளம் தட்டும் வாத்தியம் இல்லை, தனியாக ஒரு மெட்டையே நடத்திக்கொண்டு போகும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த நடை இந்த அறையில் ஒரு சுரத்தில் பூதமாக எழும்பும், இரண்டு சுரம் தள்ளிக் காணாமல் போகும். பத்து டெசிபல் ஏற்ற இறக்கம் சர்வ சாதாரணம். எந்தக் கம்பெனியின் எந்தச் சிடி பிளேயரும் இதைத் தொட முடியாது. நாற்காலியை இரண்டடி முன்னே நகர்த்தினால் மாறும். ஸ்பீக்கர் பாக்ஸை மூலையிலிருந்து வெளியே இழுத்தால் மாறும். துணி அடைத்த பீரோ, புத்தக அலமாரி, பின்சுவரில் சாய்த்த கனமான பஞ்சு மெத்தை இவையெல்லாம் எதிரொலியைக் குறைக்கும். பாய் விரித்தால் மேல் சுரம் கொஞ்சம் அடங்கும், பேஸுக்குப் பாய் பற்றாது. இந்தச் செலவு மொத்தமும் லட்சத்தில் வராது.

இரைச்சலும் இருக்கிறது. நெடுஞ்சாலையின் ஏர் ஹாரனைக்கூட விட்டுவிடுவோம். தலைக்குமேல் விசிறி முழு வேகத்தில் ஓடினால் அறையில் 50 டெசிபலை ஒட்டிய இரைச்சல் நிரந்தரம். வீட்டில் உரக்கக் கேட்கும் பாட்டின் உச்சம் 95 என்று வைத்தாலும், கேட்கக் கிடைப்பது 45 டெசிபல் இடைவெளி. ஒரு பிட்டுக்கு ஆறு டெசிபல்; 16 பிட்டில் பாதியை விசிறியே சாப்பிட்டுவிடுகிறது. காது இரைச்சலுக்குள்ளும் கொஞ்சம் துழாவிக் கேட்கும்தான். அதற்காக இன்னும் பதினைந்து சேர்த்தாலும் சிடியின் 96-ஐ எட்டப்போவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் விசிறியை நிறுத்து என்று எழுதும் தைரியம் எனக்கில்லை. ஆனால் இருக்கிற மேம்பாடுகளிலேயே மலிவானது அந்த ஸ்விட்ச்தான். மயிலத்துப் பங்குனி உத்திரம் போன்ற திருவிழாக்களுக்குச் செட் கட்டுகிற சவுண்டு சர்வீஸ்காரர்களுக்கு இந்த நுணுக்கம் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். பாட்டு ஓடுவது பென் டிரைவில். அவர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வது பாக்ஸை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது, எந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் என்பதில்.

பிளேயருக்கு முன்னால் இருக்கும் கண்ணிக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம். நாம் சிடியில் தேடிக் கேட்கும் தமிழ்ப் பாட்டில் பெரும்பகுதி காந்த நாடாவில் பதிவானது. அந்த நாடாவில் அடங்கும் ஒலி இடைவெளி 60, 70 டெசிபல். சிடியின் 96-க்குள் அது தாராளமாகப் படுத்துப் புரளும். எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று குறிப்பிடப்படுவதே 1978-இன் ‘ப்ரியா’தான். மோனோ பாட்டை எடுத்துக்கொண்டு, இந்தப் பிளேயரில் மேடை விரிகிறது, வயலின் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்றெல்லாம் வர்ணிப்பதை என்ன சொல்வது! வட்டில் இல்லாத மேடையைப் பெட்டி எங்கிருந்து கொண்டுவரும்? நாடா கிடைக்காமல் எல்பி ரெக்கார்டிலிருந்தே எடுத்துச் சிடி ஆக்கியவையும் உண்டு. முன்னிசை தொடங்கும் முன்பே ஊசியின் படபடப்புக் கேட்டுவிடும். அதை உயர்தரப் பிளேயரில் போட்டால் உயர்தரப் படபடப்பு.

இதைவிடப் பெரிய சேதம் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கியது. மற்றவர் வட்டைவிட நம் வட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களின் தலையைச் சீவி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் பழக்கம் உலகெங்கும் பரவியது. 2008-இல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் சிடியைவிட நன்றாக ஒலிப்பதைக் கண்டுபிடித்த ரசிகர்கள், மறுபடி மாஸ்டர் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். நம் ஊரிலும் பழைய பாட்டின் மறுவெளியீடுகள் பலவற்றில் இதே கோலம். போதாக்குறைக்கு எதிரொலி, கூடுதல் பேஸ். கம்ப்யூட்டரில் அலை வடிவைத் திறந்து பார்த்தால் பழைய வட்டில் மலையும் மடுவுமாக இருப்பது, புதியதில் செங்கல் அடுக்கினாற்போல் நிற்கும். இளையராஜா ரசிகர்கள் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த முதல் பதிப்புச் சிடிகளை, அமெரிக்காவிலிருந்து ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டவை போன்றவற்றை, விலை பாராமல் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. 1986-இன் ‘ஹௌ டு நேம் இட்’, 1988-இன் ‘நத்திங் பட் விண்ட்’ போன்றவற்றில் குழுவாக வாசித்த கம்பி வாத்தியங்கள் தாழ்ந்து எழும் ஏற்ற இறக்கம்தான் இசையே. அதைத் தட்டையாக்கினால் மிச்சம் இருப்பது மெட்டு மட்டும். ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதருக்கு நான்கு முறை தேசிய விருது கிடைத்தது. ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டில் கொலுசொலியும் அடித்தொண்டை முனகலும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பது அவர் மேசையில் தீர்மானமான விஷயம். அந்தத் தீர்மானம் 3,000 ரூபாய் பிளேயரில் போட்டாலும் கேட்கிறது. மோசமான மாஸ்டரிங் ஏழு லட்சத்திலும் கேட்கிறது, இன்னும் தெளிவாக.

‘ஒலி ஒன்றே என்றாலும், உசத்தியான பெட்டி உழைக்குமல்லவா’ என்பது கேட்க நியாயமாக இருக்கும் வாதம். எடை, அலுமினியம், வெண்ணெய்போல் நழுவும் தட்டு இவற்றுக்குக் காசு கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கைக்கடிகாரம் வாங்குகிறவர் நேரம் பார்க்க மட்டுமா வாங்குகிறார்? ஆனால் உழைப்பு என்று பேசினால், சிடி பிளேயரின் ஆயுள் அதன் அலுமினியத்தில் இல்லை. லேசர் ஹெட்டில் இருக்கிறது. சர்வீஸ் கடைகளில் ‘ஹெட் போயிடுச்சு’ என்பார்களே, அந்தக் கட்டைவிரல் அளவுச் சாமானில். அது வெப்பத்திலும் தூசியிலும் ஓடிய மணிக்கணக்கிலும் தேயும். மலிவான பிளேயர்களில் லட்சக்கணக்கில் பயன்பட்ட சோனி ஹெட்டுக்கு இன்றும் மாற்று கிடைக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் செய்த உயர்தரப் பெட்டியின் ஹெட் உற்பத்தி நின்றுவிட்டால், அலுமினியம் பேப்பர் வெயிட்டாகத்தான் உதவும். சிடி12 செய்த லின் நிறுவனமே 2009-ஆம் ஆண்டோடு சிடி பிளேயர் தயாரிப்பதை முழுவதுமாக நிறுத்திவிட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசரும், பிளேயருக்கு மேலே ஒரு மூடு துணியும் செய்கிற உபகாரம் பெரிது.

அப்படியானால் சிடியே எதற்கு, போனில்தான் எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். அதற்கும் நான் தலையாட்டவில்லை. போனில் இருப்பது பாட்டு. எந்தப் பதிப்பு என்பது நம் கையில் இல்லை. முதல் பதிப்பை எடுத்துவிட்டுச் சீவிய பதிப்பை வைத்தாலும் யாரும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. இளையராஜா பாடல்களின் உரிமை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக வழக்குகள் நடந்துவருகின்றன. தீர்ப்பு எப்படிப் போனாலும், அலமாரியில் இருக்கும் வட்டை யாரும் வந்து எடுத்துப் போகமுடியாது. ஆகவே வட்டுக்குச் செலவழிப்பதை நான் ஆதரிப்பேன். அதைச் சுழற்றுவதற்கு, இலவச கலர் டிவி வந்த காலத்தில் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த டிவிடி பிளேயரே பல வீடுகளில் இன்னும் இருக்கும். அதன் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் கோயாக்சியல் துளை இருந்தால், எண்களை அப்படியே வெளியே எடுத்து, சில ஆயிரம் ரூபாய் மாற்றியில் செருகிக்கொள்ளலாம். மீதப் பணம் ஸ்பீக்கருக்கு, அதற்கடுத்து அறைக்கு, அதற்கடுத்து வட்டுக்கு.

வட்டு என்றால் அச்சு வட்டு. பஸ் ஸ்டாண்டுகளில் ‘150 பாட்டு’ என்று விற்ற எம்பி3 சிடிகள் இந்தக் கணக்கில் சேராது. 128 கிலோபிட்டில் அமுக்கிய பாட்டு, சிடியில் இருப்பதில் பதினொன்றில் ஒரு பங்கு. அச்சு வட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். நீலமோ பச்சையோ ஓடினால் அது வீட்டில் எழுதிய நகல். பழைய கடையில் ஒன்று அகப்பட்டால் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துப் பதறவேண்டாம், இரண்டரை மில்லிமீட்டர் வரை கணிதம் பார்த்துக்கொள்ளும். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே ஓடிப் பிழையைத் தொடராக்கிவிடும். கவனமாகப் பார்க்க வேண்டியது பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தை. பாட்டை ஏந்தும் உலோகப் படலத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் அங்கே இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுதான், கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காக்கிறது, மேலே காக்க வேறு ஒன்றும் இல்லை. கடையின் ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் வெளிச்சப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால், எவ்வளவு அபூர்வமான பதிப்பாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுவதே நல்லது.